வெயிலில் பிறந்த இருட்டு

அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்திய ஜப்பானியக் குற்றப் படங்கள் இன்றும் பார்ப்பவர்களைக் கட்டிப்போடுவது ஏன்?

தோக்கியோவில் தாங்க முடியாத கோடை வெயில். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் காத்த இளம் துப்பறிவாளர் முரகாமி, களைப்போடு பேருந்தில் ஏறுகிறார். உள்ளே மூச்சு முட்டும் கூட்டம். இறங்கியதும் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார். துப்பாக்கி இல்லை. அதில் 7 தோட்டாக்கள் இருந்தன.

1949ஆம் ஆண்டு அகிரா குரோசாவா இயக்கிய ‘ஸ்ட்ரே டாக்’ படத்தின் தொடக்கம் இது. ஜப்பானிய மொழியில் ‘நோரா இனு’. நம் மொழியில் சொன்னால் ‘தெருநாய்’. போருக்குப் பிந்திய ஜப்பானில் உருவான ‘நுவார்’ வகைப் படங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தப் படத்தைத் தாண்டிப் போக முடியாது.

‘நுவார்’ என்பது கறுப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட குற்றப் படங்கள் 1946ல் பாரிஸ் திரையரங்குகளுக்கு மொத்தமாக வந்து சேர்ந்தன. நிழலும் புகையும் துரோகமும் நிறைந்த அந்தப் படங்களுக்குப் பிரெஞ்சு விமர்சகர்கள் வைத்த பெயர்தான் ‘ஃபிலிம் நுவார்’. ஜப்பானியப் படங்களுக்கு அந்த முத்திரை பின்னாளில்தான் வந்தது. எடுத்தவர்களுக்கு அவை வெறும் குற்றப் படங்கள், காவல்துறைப் படங்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். அமெரிக்க நுவார் படங்களில் பெரும்பாலும் இரவு. மழையில் நனைந்த சாலையில் விளக்கொளி மினுங்கும். குரோசாவாவின் படத்தில் நண்பகல் வெயில். எல்லாரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார்கள், விசிறிக்கொள்கிறார்கள், எரிச்சலில் கத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் புழுக்கத்தில் வாழும் நமக்கு அந்த எரிச்சலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பளீரென்ற வெளிச்சத்துக்குள்ளேயே இருட்டைக் காட்டியதுதான் ஜப்பானியர்களின் கைவண்ணம்.

இடிந்த நகரமே அரங்கம்

1945 ஆகஸ்ட் மாதம் போர் முடிந்தபோது தோக்கியோவின் பெரும்பகுதி குண்டுவீச்சில் எரிந்து போயிருந்தது. 1952 ஏப்ரல் வரை நாடு அமெரிக்கா தலைமையிலான நேசப்படைகளின் பிடியில் இருந்தது. அரிசி பங்கீட்டில்தான் கிடைத்தது. பங்கீட்டை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ரயில் நிலையங்களைச் சுற்றிக் கறுப்புச் சந்தைகள் முளைத்தன. சீருடையைக் கழற்ற மாற்றுத்துணி இல்லாத முன்னாள் வீரர்கள் தெருத்தெருவாக அலைந்தார்கள்.

இந்தச் சூழலில் குரோசாவா எடுத்தது, 1948ல் வெளிவந்த ‘ட்ரங்கன் ஏஞ்சல்’, அதாவது ‘குடிகார தேவதை’. வேறொரு படத்துக்காகப் போடப்பட்டிருந்த சந்தை அரங்கத்தை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னது படநிறுவனம். அந்த அரங்கத்தின் நடுவே இருந்த சாக்கடைக் குளத்தையே குரோசாவா கதையின் மையமாக்கிவிட்டார். கரையில் மருந்தகம் வைத்திருக்கும் குடிகார மருத்துவர் ஒருவர். காசநோயோடு வந்து நிற்கும் இளம் குண்டர் ஒருவன். குளத்தில் குமிழிடும் அழுக்கும் அவன் நுரையீரலில் இருக்கும் நோயும் ஒன்றுதான் என்பதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை.

அந்தக் குண்டராக நடித்தவர் தோஷிரோ மிஃபுனே. மருத்துவராக தகாஷி ஷிமுரா. குரோசாவாவும் மிஃபுனேவும் சேர்ந்து 1965 வரை 16 படங்கள் செய்தார்கள். அவற்றில் முதலாவது இது.

இருவர் பையும் திருடு போனது

மீண்டும் முரகாமியிடம் வருவோம். இதிலும் மிஃபுனேதான். தொலைந்த துப்பாக்கியைத் தேடி, கிழிந்த ராணுவ உடையை மாட்டிக்கொண்டு, கறுப்புச் சந்தையில் நாள்கணக்கில் அலைகிறார். ஏறக்குறைய வசனமே இல்லாத நீண்ட காட்சித் தொகுப்பு இது. கால்கள், முகங்கள், தட்டுக்கடைகள், தெருவோரத்தில் படுத்திருக்கும் மனிதர்கள். இதில் பலவற்றை உண்மையான சந்தைக்குள் கேமராவை மறைத்து எடுத்துச் சென்று படமாக்கியவர் உதவி இயக்குநர் இஷிரோ ஹோண்டா. நடக்கும் கால்கள் பல காட்சிகளில் அவருடையவையே. 1954ல் ‘கொட்சிலா’ படத்தை இயக்கி உலகப் புகழ் பெற்றாரே, அதே ஹோண்டாதான்.

துப்பாக்கி கைமாறிவிட்டது. அதைக் காட்டி ஒருவன் வழிப்பறி செய்கிறான். பிறகு ஒரு பெண் கொல்லப்படுகிறாள். எடுக்கப்படும் ஒவ்வொரு தோட்டாவும் தன்னுடையதுதானா என்று முரகாமி தவிக்கிறார். பயிற்சியின்போது தான் சுட்ட தோட்டாவை மரக்கட்டையிலிருந்து தோண்டி எடுத்துவந்து, ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கிறார். மீதம் எத்தனை தோட்டா என்ற கணக்குதான் இந்தப் படத்தின் கடிகாரம்.

அவருக்குத் துணையாக வருபவர் மூத்த துப்பறிவாளர் சாட்டோ, நடித்தவர் ஷிமுரா. விசாரணையில் குற்றவாளியின் பெயர் தெரிகிறது: யூசா. அவனும் போரிலிருந்து திரும்பிய வீரன். ஊர் திரும்பும் வழியில் ரயிலில் அவன் பை திருடு போனது. அவனிடம் இருந்த சொத்தே அதுதான். அதன் பிறகு அவன் தடம் மாறிவிட்டான்.

இதைக் கேட்ட முரகாமி ஒன்றைச் சொல்கிறார். திரும்பி வரும்போது என் பையும் இப்படித்தான் திருடு போனது. அன்று நானும் தவறான பக்கம் திரும்பியிருக்கக்கூடும். அந்த இடத்தில் நின்று யோசித்துத்தான் காவல்துறையில் சேர்ந்தேன் என்கிறார்.

இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒரே போர், ஒரே ரயில், ஒரே இழப்பு. ஒருவன் துப்பாக்கியைச் சட்டப்படி வைத்திருக்கிறான். இன்னொருவன் திருட்டாக வாங்குகிறான். சாட்டோவுக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கெட்டவன் கெட்டவன்தான், அவனைப் பற்றி ஆராய்வது நம் வேலை இல்லை என்பது அவர் கட்சி. படம் யார் பக்கம்? இருவரையும் முழுமையாகப் பேசவிட்டு, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறது.

கடைசிக் காட்சியில் முரகாமி யூசாவைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார். யூசா சுடுகிறான், முரகாமியின் கையிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் பியானோ பயிற்சி செய்கிறாள். வெடிச்சத்தம் கேட்டு நிறுத்துகிறாள், சன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள், மறுபடியும் வாசிக்க ஆரம்பிக்கிறாள். கட்டிப்புரண்ட இருவரும் உடலெங்கும் சேறு அப்பி, புல்லில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்குகிறார்கள். யார் காவலர், யார் கொலைகாரர் என்று ஒரு கணம் தெரிவதில்லை. அப்போது குழந்தைகள் சிலர் பாடிக்கொண்டே அந்தப் பக்கம் போகிறார்கள். கையில் விலங்கோடு கிடக்கும் யூசா, அதைக் கேட்டு வாய்விட்டு அலறுகிறான்.

முடிவைச் சொல்லிவிட்டோமே என்று வருந்த வேண்டாம். யார் குற்றவாளி என்பது இந்தப் படங்களின் ரகசியமே அல்ல. அந்த அலறலைக் கேட்கும்போது நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நம் வட்டாரத்திலிருந்து ஒரு கேள்வி

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அமர்ந்து இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு இன்னொரு கேள்வியும் எழும். நம் பாட்டன் பாட்டிமார் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று சொல்லி நடுங்கிய காலம் ஒன்று உண்டு. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டு, பெரும் எண்ணிக்கையில் அங்கேயே மாண்டார்கள். பை திருடு போன வீரனுக்காகக் கலங்கும் இந்தப் படம், அவன் வெளிநாட்டில் என்ன செய்துவிட்டு வந்தான் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

இந்த மௌனத்தைக் கவனிக்காமல் பார்ப்பது சரியாகாது. அதற்காகப் படத்தை ஒதுக்கவும் வேண்டாம். தோற்ற நாடு தன் இளைஞர்களைப் பார்த்து, இவர்களை என்ன ஆக்கிவிட்டோம் என்று கேட்ட முதல் குரல்களில் இதுவும் ஒன்று. அந்தக் கேள்வி பாதியிலேயே நின்றுவிட்டது என்பதையும் நம்மால்தான் நன்றாக உணர முடியும்.

குன்றின் மேல் வீடு, கீழே கொதிக்கும் அறை

பதினான்கு ஆண்டுகள் ஓடின. இடிபாடுகள் மறைந்து தொழிற்சாலைகள் எழுந்தன. 1963ல் குரோசாவா அதே கேள்வியை வளம் கொழிக்கும் ஜப்பானிடம் கேட்டார். உலகெங்கும் ‘ஹை அண்ட் லோ’ என்ற பெயரில் அறியப்படும் அந்தப் படத்தின் ஜப்பானியப் பெயருக்கு ‘சொர்க்கமும் நரகமும்’ என்று பொருள். எட் மெக்பெய்ன் எழுதிய அமெரிக்கத் துப்பறியும் நாவல் ஒன்றிலிருந்து எடுத்த கதை.

யோக்கோஹாமா நகரில் குன்றின் மேல் குளிர்சாதன வசதியுள்ள வீடு. உரிமையாளர் கோண்டோ, காலணி நிறுவன நிர்வாகி. செருப்புத் தைக்கும் தொழிலாளியாகத் தொடங்கி உயர்ந்தவர். மலிவான காலணிகளை விற்றுக் காசு பார்க்கலாம் என்று சக இயக்குநர்கள் சொல்ல, அவர்கள் கொண்டுவந்த மாதிரியை வெறுங்கையாலேயே பிய்த்துப் போடுகிறார். நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவர, வீடு உட்பட எல்லாவற்றையும் அடமானம் வைத்துப் பணம் திரட்டியிருக்கிறார்.

அந்த இரவில் தொலைபேசி ஒலிக்கிறது. உன் மகனைக் கடத்திவிட்டேன், 3 கோடி யென் கொடு என்கிறது ஒரு குரல். கொடுக்கத் தயாராகும் கோண்டோவின் முன் அவருடைய மகன் வந்து நிற்கிறான். சிறுவர்கள் இருவர் விளையாட்டில் உடையை மாற்றிக்கொண்டதால், கடத்தப்பட்டது வாகனமோட்டியின் மகன். கடத்தியவனோ பணத்தைக் குறைப்பதாக இல்லை.

தன் மகனுக்காகக் கொடுக்கத் துணிந்ததை வேலைக்காரர் மகனுக்காகவும் கொடுப்பாரா? கொடுத்தால் வீடும் போகும், வேலையும் போகும். படத்தின் முதல் ஒரு மணி நேரம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே வரவேற்பறையில் நடக்கிறது. வாகனமோட்டி காலில் விழுகிறார். மனைவி கெஞ்சுகிறார். செயலாளர் கணக்குப் பார்த்துக் கட்சி மாறுகிறார். வேலை, வீட்டுக் கடன், பதவி உயர்வு என்று ஓடிக்கொண்டிருக்கும் இளையர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் மற்ற எந்தத் துரத்தல் காட்சியையும்விடப் பரபரப்பாக இருக்கும்.

கோண்டோ முடிவெடுத்த பிறகு ஒரு சிறு காட்சி வருகிறது. பணப்பெட்டிக்குள் காவல்துறை ஓர் அடையாளப் பொருளை ஒளித்து வைக்க வேண்டும். கோண்டோ தம்முடைய பழைய கருவிப் பெட்டியைத் திறந்து, தரையில் அமர்ந்து, தோலைக் கிழித்துத் தாமே தைக்கிறார். எல்லாம் கைவிட்டுப் போகப்போகும் வேளையில் மிஞ்சியது கைத்தொழில்தான். சுற்றி நிற்கும் காவலர்கள் பேச்சின்றிப் பார்க்கிறார்கள்.

பிறகு படம் பாய்ச்சல் எடுக்கிறது. விரைவு ரயிலின் கழிவறைச் சன்னல் 7 சென்டிமீட்டர்தான் திறக்கும். அந்த இடைவெளி வழியே பணப்பெட்டிகளை வீச வேண்டும். ஓடும் ரயிலில் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்த காட்சி இது. இரண்டாம் பாதியில் காவல்துறையின் பொறுமையான தேடல். தொலைபேசிப் பதிவில் பின்னணியில் கேட்கும் ரயில் சத்தத்தை ஒருவர் அடையாளம் காட்டுகிறார். ஒரு நாள் குப்பை எரிக்கும் புகைபோக்கியிலிருந்து இளஞ்சிவப்புப் புகை எழுகிறது. கறுப்பு-வெள்ளைப் படம் முழுவதிலும் அந்த ஒரு புகைக்கு மட்டும்தான் வண்ணம்.

கடத்தியவன் ஒரு பயிற்சி மருத்துவன். குன்றின் அடிவாரத்தில் அவன் அறை. கோடையில் தூங்க முடியாத வெக்கை, குளிர்காலத்தில் தூங்க முடியாத குளிர். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் கோண்டோவின் வீடு. பார்க்கப் பார்க்க வெறுப்பு வளர்ந்தது என்கிறான். சிறையில் இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் அமர்கிறார்கள். ஒருவர் முகத்தின் மேல் இன்னொருவர் முகத்தின் பிம்பம் வந்து படிகிறது.

‘ஸ்ட்ரே டாக்’ படத்தில் வந்த அதே கேள்விதான். ஆனால் இங்கே விடை கடினமாகிவிட்டது. கோண்டோவும் ஏழையாகப் பிறந்தவர்தான். இளைஞனோ படித்தவன், இன்னும் சில ஆண்டுகளில் மருத்துவராகியிருப்பான். வறுமை ஒரு காரணம் என்று சொல்லும் படமே, அது மட்டும் காரணமில்லை என்றும் சொல்கிறது. அவன் கொன்றவர்களையும் மறைக்காமல் காட்டுகிறது.

கடத்தல்காரர்களுக்கு அப்போதிருந்த தண்டனை மிகவும் குறைவு என்ற கோபமும் குரோசாவாவை இந்தப் படத்துக்குத் தள்ளியது. படம் வந்த அதே மாதக் கடைசியில், தோக்கியோவில் 4 வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்திக் கொல்லப்பட்டான், நாடே அதிர்ந்தது. 1964ல் பணயத்தொகைக்காகக் கடத்துவதைத் தனிக் குற்றமாக்கிக் கடும் தண்டனை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது.

மற்றவர்கள் போட்ட பாதை

ஜப்பானிய நுவார் குரோசாவாவோடு முடிந்துவிடவில்லை. நிக்காட்சு நிறுவனம் 1950களின் இறுதியிலிருந்து இளையர்களுக்காக மலிவு விலையில், வேகமாகப் பல குற்றப் படங்களை எடுத்துத் தள்ளியது. துறைமுகம், ஜாஸ் இசை, மழைக்கோட்டு, துப்பாக்கி. எந்த நாட்டில் நடக்கிறது என்றே சொல்ல முடியாத கதைகள் என்பதால் ‘நாடற்ற அதிரடிப் படங்கள்’ என்றே அவற்றுக்குப் பெயர். அந்தப் படங்களில் புகழ் பெற்ற ஜோ ஷிஷிடோ, முகம் தனித்துத் தெரிய வேண்டும் என்று அறுவை சிகிச்சை செய்து கன்னங்களைப் பெரிதாக்கிக்கொண்டவர்.

இதே நிறுவனத்துக்கு 1967ல் செய்ஜுன் சுசுகி எடுத்த ‘ப்ராண்டட் டு கில்’ படத்தில், சோறு வேகும் மணத்துக்கு மயங்கும் கூலிக்கொலையாளியாக ஷிஷிடோ வருகிறார். படம் புரியவில்லை என்று சொல்லி நிறுவனம் சுசுகியை வேலையிலிருந்து நீக்கியது. அவர் வழக்குத் தொடுத்தார். அன்று புரியாத படத்தை இன்று உலகெங்கும் இயக்குநர்கள் கொண்டாடுகிறார்கள்.

தமிழ்ப் படம் ஒன்றுக்கும் இங்கே இடம் உண்டு. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ தந்த தாக்கத்தில் எஸ். பாலசந்தர் இயக்கி, 1954ல் வந்த ‘அந்த நாள்’. பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் நாயகன். 1943ல் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் ஒரு கொலைதான் கதை. நிழலும் ஐயமும் நிறைந்த நுவார் தமிழில் எப்படி ஒலிக்கும் என்று அறிய விரும்புவோர் அதையும் பார்க்கலாம்.

ஏன் இன்னும் பார்க்கிறோம்?

இன்றைய குற்றத் தொடர்களில் கொலையாளி பெரும்பாலும் அதிபுத்திசாலி, அல்லது மனநோயாளி. நமக்கும் அவனுக்கும் தொடர்பே இல்லை என்று நிம்மதியாகப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். இந்தப் பழைய படங்கள் அந்த நிம்மதியைத் தருவதில்லை. கெட்டுப்போனவனும் கெட்டுப்போகாதவனும் ஒரே தெருவில், ஒரே வெயிலில் நிற்கிறார்கள். இடையில் இருப்பது ஒரு முடிவு. சில நேரம், தக்க சமயத்தில் தோளில் கைவைக்க ஒரு சாட்டோ இருந்தாரா இல்லையா என்பது.

பிள்ளைகள் வளரும் வீட்டில் இது சின்னப் பேச்சு இல்லை. ‘அவன் சேர்க்கை சரியில்லை, அதனால்தான் கெட்டான்’ என்று ஒருவர் சொல்வார். ‘அதே சேர்க்கையில் இருந்தும் இவன் கெடவில்லையே’ என்று இன்னொருவர் கேட்பார். குரோசாவாவின் முரகாமியும் சாட்டோவும் வாதிடுவது இதைத்தான். படத்தின் இறுதியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் சாட்டோ, இன்னும் பலரைப் பிடித்தால் யூசாவை மறந்துவிடுவாய் என்று முரகாமியைத் தேற்றுகிறார். முரகாமி சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். அவர் மறந்துவிடுவார் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்ட்ரே டாக் (1949): முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஏற்றது. பதின்ம வயதுப் பிள்ளைகளோடும் பார்க்கலாம்.

ஸ்டேக் அவுட் (1958): யோஷிதாரோ நோமுரா இயக்கியது. குற்றவாளி தன் பழைய காதலியைத் தேடி வருவான் என்று இரு துப்பறிவாளர்கள் விடுதிச் சன்னல் வழியே அவள் வீட்டைக் கண்காணிக்கிறார்கள். அவளோ இப்போது ஒரு கஞ்சனின் மனைவி, மூன்று பிள்ளைகளுக்குச் சிற்றன்னை. அவளுடைய அன்றாட வாழ்க்கையைப் பார்த்துப் பார்த்து இளம் துப்பறிவாளரின் மனம் மாறுவதுதான் கதை.

த பேட் ஸ்லீப் வெல் (1960): குரோசாவா இயக்கியது. நிறுவன ஊழலைப் பற்றியது. அலுவலகக் கட்டட வடிவில் ஒரு கேக் வந்து நிற்கும் தொடக்கத் திருமணக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

ஹை அண்ட் லோ (1963): ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் இது. போதைப்பொருள் காட்சிகள் இருப்பதால் சிறுவர்கள் வேண்டாம். 2025ல் அமெரிக்க இயக்குநர் ஸ்பைக் லீ, டென்சல் வாஷிங்டனை வைத்து இதே கதையை நியூயார்க்கில் மீண்டும் எடுத்தார். மூலத்தைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் ஒப்பிட நிறைய இருக்கும்.

பேல் ஃபிளவர் (1964): மசாஹிரோ ஷினோடா இயக்கியது. சிறையிலிருந்து வெளிவந்த குண்டரும், சூதாட்ட வெறி பிடித்த பணக்காரப் பெண்ணும். பெரியவர்களுக்கு மட்டும். இரவில், சத்தமில்லாத வீட்டில் பாருங்கள்; சீட்டு விழும் ஓசையும் தோரு தகேமிட்சுவின் இசையும் ஒன்றாகும் இடங்களுக்காகவே பார்க்கலாம்.